அடுத்த ஆலை எங்கே? டெஸ்லா இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனம் அடுத்த கார் தொழிற்சாலையை எங்கே கட்டப்போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவருகிறது. ஒரு நாடு வரியைக் குறைக்கிறது, இன்னொரு நாடு நிலம் தருவதாகச் சொல்கிறது, மற்றொன்று தன் அமைச்சரையே உங்கள் வாசலுக்கு அனுப்புகிறது. இந்த மடலைத் தலைமைச் செயல் அதிகாரிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஆலைகளுக்கான இடங்களைப் பற்றி உலகம் பெரும்பாலும் அவருடைய மேடைப் பேச்சிலிருந்தும் சமூக ஊடகப் பதிவிலிருந்துமே அறிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த முடிவுகளின் சுமையைப் பல பத்தாண்டுகளுக்குச் சுமக்க வேண்டியது நிறுவனமும், ஆலையைச் சுற்றி வாழும் மக்களும்தான். அவர் அறிவித்த பிறகு ஆராய்வதற்குப் பதிலாக, அறிவிப்பதற்கு முன்பே கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

ஒரு கார் ஆலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்ட் ஆலையை 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திறந்தது, 1982-இல் மூடியது. 1984 முதல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதை நடத்தின. 2010-இல் அந்தக் கூட்டு முயற்சி முடிவுக்கு வந்தபோது, அதை நீங்கள் 4.2 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்தக் கூரையின் கீழ் கார்கள் உருவாகின்றன. இடையில் எத்தனை அதிபர்கள், எத்தனை வரிக் கொள்கைகள், எத்தனை சலுகைத் திட்டங்கள் வந்து போயின என்று எண்ணிப் பாருங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: அரை நூற்றாண்டு நிற்கப்போகும் ஒன்றை, நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடக்கூடிய வரியையும் சலுகையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அத்தனை காலமும் மாறாமல் இருப்பவற்றை, அதாவது நீர், மின்சாரம், உதிரிபாகம் செய்வோரின் அருகாமை, துறைமுகம், தேர்ந்த தொழிலாளர், அக்கம்பக்கத்தாரின் சம்மதம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. புதிய ஆலை உண்மையிலேயே தேவையா? 2023-இல் நீங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 18.1 லட்சம் கார்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தீர்கள். 2024-இல் அது 17.9 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் உங்கள் காலாண்டு அறிக்கைகளில் குறிப்பிடப்பட்ட உற்பத்தித் திறனைக் கூட்டினால் ஆண்டுக்கு 23 லட்சத்தைத் தாண்டுகிறது. இருக்கும் ஆலைகளே நிரம்பாத நிலையில், எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக இன்னொன்று வேண்டும் என்ற வாதம் நிற்காது. வேண்டுமென்றால் அதற்கு ஒரே நியாயம், கார் விற்கும் இடத்துக்கு அருகில் அதைச் செய்ய வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் இடம் என்பது இந்த முடிவின் ஒரு பகுதி என்று சொல்வதே போதாது, முடிவே அதுதான்.

இப்போது மாநிலங்களுக்கிடையே நடக்கும் சலுகை ஏலத்துக்கு வருகிறேன். 2014-இல் பேட்டரி ஆலைக்கு இடம் தேடியபோது பல மாநிலங்களை ஒரே நேரத்தில் போட்டியில் நிறுத்தினீர்கள். நெவாடா சட்டமன்றம் அதற்காகவே சிறப்புக் கூட்டம் கூட்டி, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 125 கோடி டாலர் மதிப்பிலான சலுகைகளுக்கு ஒப்புதல் தந்தது. 2020-இல் புதிய கார் ஆலைக்காக டெக்சாஸும் ஓக்லஹோமாவும் இறுதிச் சுற்றில் மோதியபோது, ஓக்லஹோமாவின் துல்சா நகரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நகரின் அடையாளமாக நிற்கும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியின் சிலை ஏறத்தாழ 23 மீட்டர் உயரம் கொண்டது. அதன் முகத்தை உங்கள் தலைமைச் செயல் அதிகாரியின் முகச்சாயலில் வண்ணம் தீட்டி, மார்பில் உங்கள் நிறுவனச் சின்னத்தையும் வரைந்து வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து ஆலை டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போனது. எண்ணெய்த் தொழிலின் நினைவாக எழுப்பிய சிலையை மின்சாரக் கார் நிறுவனத்துக்காக வேடம் மாற்றிய அந்தக் காட்சியை வேடிக்கை என்று கடந்துபோகலாம். எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாகப் படவில்லை. ஒரு நகரத்தை அந்த அளவுக்கு இறங்கிவரச் செய்யும் போட்டியில் நீர் எவ்வளவு இருக்கிறது, மின்பாதை தாங்குமா என்று நிதானமாகக் கேட்க யாருக்கும் மனம் வராது.

சலுகை கொடுத்தவர்களுக்கு எல்லா இடத்திலும் நட்டம் என்று நான் சொல்லவில்லை. நெவாடா ஆலை பெரிய அளவில் வேலைவாய்ப்பைத் தந்திருக்கிறது. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவைப் பாருங்கள். மாநில அரசு ஏறத்தாழ 95 கோடி டாலர் செலவிட்டுக் கட்டடத்தையும் கருவிகளையும் தயார் செய்து கொடுத்தது, சூரியத் தகடுகளும் சூரியக் கூரைகளும் பெருமளவில் அங்கே உருவாகும் என்ற நம்பிக்கையில்தான். உங்களோடு அங்கே தகடு தயாரித்த பானசோனிக் 2020-இல் விலகியது. சூரியக் கூரை அன்று பேசப்பட்ட அளவை எட்டவேயில்லை. கட்டடத்தின் பெரும்பகுதி பிற வேலைகளுக்குத் திரும்பியது. சலுகையின் அளவு ஆலையின் வெற்றிக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு வெளியாரின் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே உங்கள் ஆலை இருக்கும் குரூன்ஹைடைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அடுத்த ஆலைக்கான பாடங்களில் பாதி அங்கேதான் கிடக்கிறது. 2019 நவம்பரில் பெர்லினில் நடந்த விருது விழா மேடையிலிருந்து அந்த ஆலை அறிவிக்கப்பட்டது. தாளில் பார்த்தால் இடம் பொருத்தமானதுதான்: நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, பெருநகரம் தொலைவில் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ ஆலையை ஈர்ப்பதற்காகத் தொழில் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது, பி.எம்.டபிள்யூ லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்ததால் பைன் மரங்களோடு அப்படியே கிடந்தது. ஆனால் அந்த நிலத்தின் ஒரு பகுதி குடிநீர்ப் பாதுகாப்பு மண்டலத்துக்குள் வருகிறது. அந்த ஊர் இருக்கும் பிராண்டன்பர்க் மணற்பாங்கான, ஜெர்மனியிலேயே மழை குறைவாகப் பெய்யும் மாநிலங்களில் ஒன்று. 2018-க்குப் பின் தொடர்ந்து வந்த வறண்ட கோடைகளில் அங்கே நிலத்தடி நீரைப் பற்றிய கவலை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் மரம் வெட்டுவதை நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த டிசம்பரில் குளிர்கால உறக்கத்தில் இருந்த பாம்புகளையும் மணல் பல்லிகளையும் முன்னிட்டு மீண்டும் ஒரு தடை வந்தது. 2021 ஆகஸ்டில் தலைமைச் செயல் அதிகாரி ஆலைக்கு வந்திருந்தபோது, நீர்ப் பற்றாக்குறை பற்றிச் செய்தியாளர் ஒருவர் கேட்டார். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, இங்கே எங்கு பார்த்தாலும் தண்ணீர்தானே இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். சுற்றிலும் ஏரிகள் இருப்பது உண்மை. குழாயில் வரும் நீர் நிலத்தடியிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. அந்தச் சிரிப்பு உங்கள் பொறியாளர்கள் தயாரித்த நூற்றுக்கணக்கான பக்க விண்ணப்பங்களைவிட வேகமாக ஊருக்குள் பரவியது.

2022 மார்ச் 4 அன்று ஆலைக்கான இறுதி அனுமதி கிடைத்தது. அதே நாளில் பிராங்பர்ட் (ஓடர்) நீதிமன்றம், அப்பகுதிக்குக் கூடுதல் நீர் எடுக்க மாநில அரசு தந்திருந்த அனுமதியில் பொதுமக்களின் கருத்து முறைப்படி கேட்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2021-இன் நடுவில் திறப்பதாகத் திட்டமிட்ட ஆலை 2022 மார்ச் 22-இல் திறந்தது. விரிவாக்கத்துக்காக மேலும் காட்டை அழிக்கலாமா என்று 2024 பிப்ரவரியில் குரூன்ஹைடு மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. திருத்தி, சுருக்கப்பட்ட திட்டம் பின்னர் ஊராட்சி மன்றத்தில் நிறைவேறவும் செய்தது. ஆனால் பக்கத்து வீட்டார் வேண்டாம் என்று சொன்ன பிறகு அங்கே ஐம்பது ஆண்டுகள் ஆலை நடத்துவது எப்படி இருக்கும் என்பதைச் சட்டம் உங்களுக்குச் சொல்லித் தராது.

நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நீரைவிடக் குறைவாகவே அந்த ஆலை பயன்படுத்துகிறது, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்பையும் உருவாக்கியிருக்கிறீர்கள். கார் ஆலையில் நீரை அதிகம் குடிப்பது பெயிண்ட் பிரிவு. அதில் சிக்கனம் செய்யும் வழிகளை உங்கள் பொறியாளர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். 2022-க்குப் பிறகு காட்டிய அந்தக் கணக்கை 2019-இலேயே, மேடை ஏறுவதற்கு முன்பே, அந்த ஊர் மக்கள் முன் வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களைப் போல நீங்கள் நடந்துகொண்டீர்கள்; உண்மையில் ஆழம் உங்களுக்கு ஓரளவு தெரிந்துதான் இருந்தது, ஊருக்குத்தான் சொல்லப்படவில்லை.

அதே ஆலை இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. 2024 ஜனவரி இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல, உதிரிபாகங்கள் வந்துசேராமல் உற்பத்தியின் பெரும்பகுதி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஆலைக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தக் கோபுரம் ஒன்றுக்குத் தீவைத்தார்கள். அந்தக் குற்றத்தை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரே ஒரு கோபுரம் எரிந்ததால் அவ்வளவு பெரிய ஆலை ஒரு வாரம் இருட்டில் கிடந்தது என்பது இடத்தேர்வுக் குழு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பாகங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன, மின்சாரம் எத்தனை வழிகளில் வருகிறது என்ற இரண்டு கேள்விகளும் நில விலைக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை.

ஷாங்காயில் முதல் கேள்விக்குச் சிறந்த பதில் கிடைத்தது. 2019 ஜனவரியில் தொடங்கிய கட்டுமானம் அந்த டிசம்பரிலேயே கார்களை வெளியே அனுப்பியது. சீன அரசு அந்நியப் பங்குக்கான உச்சவரம்பை நீக்கியதும், வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்ததும் அதற்கு உதவின. ஆனால் அந்த ஆலை உங்கள் நிறுவனத்திலேயே மிகப் பெரிய உற்பத்தி மையமாக வளர்ந்ததற்கு, பேட்டரி முதல் இருக்கை வரை ஏறத்தாழ அனைத்தையும் அக்கம்பக்கத்திலேயே வாங்க முடிந்ததுதான் அடிப்படை என்று நான் கருதுகிறேன். சலுகையால் மட்டும் இப்படியொரு சூழலை விலைக்கு வாங்க முடியாது. அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: 2022 வசந்தத்தில் நகரம் முழுவதும் முடக்கப்பட்டபோது ஆலை ஏறத்தாழ மூன்று வாரங்கள் மூடிக் கிடந்தது.

மெக்சிகோவுக்கு வருவோம். நுவோ லியோன் மாநிலத்தின் சாந்தா கத்தரினாவில் பெரிய ஆலை ஒன்று வரும் என்று 2023 மார்ச்சில் முதலீட்டாளர் கூட்டத்தில் அறிவித்தீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அருகிலுள்ள மொந்தெர்ரே நகரில் அணைகள் வற்றி, குழாய்களில் ஒரு நாளைக்குச் சில மணி நேரமே தண்ணீர் வந்தது. அந்நாட்டு அதிபரே நீர்ப் பிரச்சினையைக் காட்டி முதலில் தயங்கினார். மறுசுழற்சி நீரைப் பயன்படுத்துவதாக நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே இசைந்தார். இவ்வளவும் நடந்த பின், 2024 ஜூலையில், அமெரிக்கத் தேர்தல் முடியும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்படுவதாகத் தலைமைச் செயல் அதிகாரி சொன்னார். மெக்சிகோவில் செய்யப்படும் கார்களுக்குக் கடும் வரி வரலாம் என்பது காரணம். வணிகக் கணக்காக அது தவறென்று சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024 அக்டோபரில் சீனாவில் தயாராகும் மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி விதித்தது. உங்கள் ஷாங்காய்க் கார்களுக்கு 7.8 விழுக்காடு. வரிச்சுவர் எங்கே எழும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் வரிச்சுவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். வரி வந்தால் நிறுத்திவிடலாம் என்ற நிலையில் இருக்கும் ஒரு திட்டத்தை, உறுதியானது போல ஏன் அறிவித்தீர்கள்? அந்த அறிவிப்பை நம்பி நிலத்தை, சாலையை, தொழிலைத் திட்டமிட்டவர்களுக்கு ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் நீங்கள் தரவில்லை.

இந்தியாவிலும் இதே கதைதான், சற்று மெதுவாக நடந்தது. 2021-இல் பெங்களூருவில் நிறுவனம் பதிவு செய்தீர்கள். முதலில் காரை விற்கவும் பழுதுபார்க்கவும் அனுமதிக்காத எந்த இடத்திலும் ஆலை வைக்க மாட்டோம் என்று 2022 மே மாதம் உங்கள் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தார். 2024 மார்ச்சில் இந்திய அரசு இறங்கிவந்தது: குறைந்தது 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்து, மூன்று ஆண்டுகளுக்குள் 25 விழுக்காடும் ஐந்து ஆண்டுகளுக்குள் 50 விழுக்காடும் உள்நாட்டு மதிப்புக்கூட்டலை (காரின் மதிப்பில் இந்தியாவிலேயே உருவாகும் பங்கை) எட்டும் நிறுவனங்கள், 35,000 டாலருக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களை ஆண்டுக்கு 8,000 வரை வெறும் 15 விழுக்காடு வரியில் கொண்டுவரலாம் என்றது. அடுத்த மாதம் இந்தியாவுக்கு வருவதாக இருந்த பயணத்தை உங்கள் தலைமைச் செயல் அதிகாரி தள்ளிவைத்தார். 2025 ஜூலையில் மும்பையில் காட்சியகம் திறந்தீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, டெஸ்லாவுக்கு இங்கே உற்பத்தி செய்வதில் ஆர்வமில்லை என்று மத்திய கனரகத் தொழில்துறை அமைச்சர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆலை வைக்காமல் விற்க மட்டும் செய்வது உங்கள் உரிமை. ஆனால் ஒரு நாட்டின் இறக்குமதிக் கொள்கையே உங்களை எதிர்பார்த்து வளைந்த பிறகு, வருகிறோம் அல்லது வரவில்லை என்ற பதிலை நீங்களே தந்திருக்க வேண்டாமா? அதே காலத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் ஆண்டுக்கு 50,000 கார் திறனோடு ஆலையைத் திறந்துவிட்டது. துறைமுகத்துக்கு அருகே, முன்பே தொழிற்பேட்டைக்காக ஒதுக்கப்பட்ட நிலத்தில். வின்ஃபாஸ்டின் வணிகம் எப்படிப் போகும் என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் அந்த நிறுவனமே வட கரோலினா ஆலையைத் தள்ளிப்போட்டிருக்கிறது. நான் சுட்டுவது, முடிவெடுக்க இவ்வளவு காலம் தேவையில்லை என்பதை மட்டும்.

புதிய நிலம் தேடுவதற்கு முன் பழைய ஆலைகளைப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான ரிவியன் தன் முதல் ஆலையை இல்லினாயின் நார்மல் நகரில் மிட்சுபிஷி விட்டுச்சென்ற இடத்தில் அமைத்தது. பிரேசிலின் கமசாரியில் ஃபோர்டு விட்டுப்போன இடத்தைச் சீனக் கார் நிறுவனமான பி.ஒய்.டி. எடுத்துக்கொண்டது. இத்தகைய இடங்களில் நீர் இணைப்பும் உயரழுத்த மின்பாதையும் ரயில் தடமும் ஏற்கெனவே இருக்கும். வேலை தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். வெட்ட வேண்டிய காடும் இருக்காது. இடம் பழையதாக இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் கமசாரியே காட்டியது: 2024 டிசம்பரில் அங்கே கட்டுமான வேலையில் இருந்த 163 தொழிலாளர்கள் அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்ததாக பிரேசில் அதிகாரிகள் கண்டறிந்தார்கள். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி இதிலிருந்து எந்த நிறுவனமும் தப்பிக்க முடியாது. ஆயினும் ஃபிரீமாண்ட் ஆலையை நீங்கள் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும், உங்கள் நிறுவனம் தாக்குப்பிடித்ததே அந்த ஆலையால்தான் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. அடுத்த இடத்துக்கான நிபந்தனைகளை, எந்த அரசிடமும் சலுகை கேட்பதற்கு முன்பே, எழுத்தில் வெளியிடுங்கள்: ஒரு காருக்கு எவ்வளவு நீர் வேண்டும், அதில் எவ்வளவு மறுசுழற்சி, எத்தனை மெகாவாட் மின்சாரம், எத்தனை மின்பாதைகள், எவ்வளவு தூரத்துக்குள் உதிரிபாக நிறுவனங்கள் என்று. அந்த ஊராரின் மொழியில் நீர்க் கணக்கை வைத்து, கருத்துக் கேட்டு முடித்த பிறகே இடத்தின் பெயரை மேடையில் சொல்லுங்கள். பெறும் சலுகைகளில் எந்தெந்த வாக்குறுதி நிறைவேறாவிட்டால் எவ்வளவு தொகையைத் திருப்பித் தருவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். இவற்றை ஒரு குழுத் தீர்மானமாக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக, புதிய இடம் எதையும் பற்றிப் பேசுவதற்கு முன், சாந்தா கத்தரினா திட்டத்துக்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒரு பதிலை, தேதியோடு, அடுத்த காலாண்டு அறிக்கையில் எழுதுங்கள். இல்லை என்றால் அந்த மாநிலம் வேறு தொழிலைத் தேடிக்கொள்ளும்.

இப்படிக்கு,
மின்சாரக் கார்த் தொழிலைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு வாசகர்